எந்தப் பாகத்துக்கு எந்த உலோகம்? கரிசல் டிராக்டரிலிருந்து மகேந்திரகிரி வரை

தூத்துக்குடி மாவட்டத்தின் எப்போதும்வென்றான் வட்டாரத்தில் விதைப்பு என்பது நாள் கணக்கு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் கரிசல் அது. புரட்டாசிப் புழுதியிலோ ஐப்பசியின் முதல் ஈரத்திலோ விதை விழுந்தாக வேண்டும். அந்தச் சில நாட்களில் டிராக்டர் எஞ்சின் இறுகி, அதாவது 'சீஸ்' ஆகி நின்றுவிட்டால், மெக்கானிக் வந்து எஞ்சினைப் பிரித்து, கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ ஆள் அனுப்பி லைனரும் பிஸ்டனும் வாங்கி வருவதற்குள் ஈரம் போய்விடும். ஈரம் போனால் உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் போயிற்று. பாகத்தின் விலை சில ஆயிரம்தான். அது காலைவாரிய நாளின் விலை ஒரு வெள்ளாமை.

இங்கிருந்து தென்மேற்கே, நேர்கோட்டில் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களை நிலத்தில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் இடம். அங்கே ஒரு பாகம் காலைவாரினால் போவது செயற்கைக்கோள். பணமும் அளவும் வேறாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: இந்தப் பாகத்துக்கு இந்த உலோகம் சரியா, சரி என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

பலமான உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று பொதுவாக நினைக்கிறோம். எஞ்சின் பாகங்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பாகம் எந்த வழியில் கெடும் என்பதை முதலில் கண்டறிந்து, அந்த வழியை அடைக்கும் கலவையைத் தேடி, அதே வழியில் அதைக் கெடுக்க முயன்று பார்ப்பதுதான் தேர்வு. இந்த வரிசை தவறிய இடங்களில்தான் சான்றிதழ் கையில் இருக்கும்போதே பாகம் உடைந்திருக்கிறது.

ஒரு எஞ்சின், பல உலோகங்கள்

டீசல் எஞ்சினின் பிளாக்கும் லைனரும் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. இழுத்தால் எளிதில் உடையும் உலோகம் இது. ஆனாலும் இதன் இடத்தை வேறு உலோகங்கள் முழுதாகப் பிடிக்கவில்லை. வார்ப்பிரும்புக்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. அந்தச் செதில்களே அதிர்வை விழுங்குகின்றன, எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன, பிஸ்டன் ரிங் உரசும்போது வழவழப்பைத் தருகின்றன. இழுவிசையில் பலவீனம் எனப்படும் அதே அமைப்பு, தேய்மானத்தில் பலம் ஆகிறது. கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் பல தலைமுறைகளாக ஊற்றிவருவது இதைத்தான்.

அந்த லைனருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனோ அலுமினியம். வார்ப்பிரும்பின் எடையில் பாதிக்கும் குறைவு, வெப்பத்தையும் விரைவில் கடத்திவிடும். சிக்கல் அதன் பெருக்கத்தில் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூய அலுமினியம் 200 டிகிரி சூடேறினால் 0.46 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருக்கும். அதே அளவு வார்ப்பிரும்பு சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் பெருக்கும். லைனருக்கும் பிஸ்டனுக்கும் இடையே விடும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு என்பதால், இந்த வித்தியாசம் எஞ்சினைப் பிடித்து நிறுத்திவிடும். அலுமினியத்தில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன் சேர்த்தால் பெருக்கம் 0.4 மில்லிமீட்டராகக் குறைகிறது, தேய்மானமும் குறைகிறது. பிஸ்டன் தலை 300 டிகிரியை ஒட்டிச் சூடேறும் இடத்தில் வலு இறங்காதிருக்கச் செம்பும் நிக்கலும் மெக்னீசியமும் சேர்க்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய 'ஒய்' கலவை இந்த வழியில் வந்த தொடக்ககால வெற்றி. அப்படியும் முதல் ரிங் உட்காரும் பள்ளத்தை அலுமினியம் தாங்குவதில்லை. அதனால் பல டீசல் பிஸ்டன்களில் அந்த இடத்தில் மட்டும் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையத்தை உள்ளே வைத்து வார்க்கிறார்கள். ஒரே பிஸ்டனுக்குள் இரண்டு உலோகம்.

கிராங்க் ஷாஃப்டின் பகை வேறு: முறுக்கும் வளைவும் கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவது. இதற்கு அடித்து உருவாக்கிய குரோமியம்-மாலிப்டினம் எஃகு, அல்லது கிராஃபைட் செதிலாக இல்லாமல் உருண்டையாகத் திரண்ட எஸ்.ஜி. வார்ப்பிரும்பு. நம் லேத் பட்டறைகளில் இ.என்.19, இ.என்.24 என்று சொல்லிக் கேட்பது இந்த எஃகு வகைகளைத்தான். அதைத் தாங்கும் பேரிங்கின் உள்முகத்துக்கு வருவதோ மென்மையான கலவை. ஈயமும் வெள்ளீயமும் அலுமினியமும் அங்கே வேலை செய்கின்றன. எண்ணெயோடு வரும் துகளைத் தனக்குள் புதைத்துக்கொண்டு, விலையுயர்ந்த கிராங்கைக் கீறாமல் காப்பது பேரிங்கின் கடமை. அது தேய்ந்து போவதற்காகவே வைக்கப்பட்டது.

புகைபோக்கி வால்வுக்கு இன்னொரு கணக்கு. தலை செந்தணலாகும். தண்டு கைடுக்குள் உரசும். தலைக்கு 21 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் நைட்ரஜனும் கலந்த எஃகு, தண்டுக்குக் கடினப்படுத்தத் தக்க வேறு எஃகு, இரண்டையும் சுழற்றி உரசிய சூட்டிலேயே ஒட்டவைப்பது வழக்கம். அனுபவமுள்ள மெக்கானிக் இதைக் காந்தம் வைத்துப் பார்ப்பார். தண்டில் காந்தம் ஒட்டும், தலையில் ஒட்டாது. தலையிலும் 'டக்' என்று ஒட்டினால் வால்வைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒட்டாத எல்லா எஃகும் நல்ல வால்வு எஃகு ஆகிவிடாது. கெட்டதைக் கழிக்கக் காந்தம் உதவும், நல்லதை உறுதி செய்ய உதவாது.

பட்டறைச் சோதனையும் ஆய்வகச் சோதனையும்

கெட்டதைக் கழிப்பதற்கும் நல்லதை உறுதி செய்வதற்கும் உள்ள இந்த வித்தியாசம் எல்லாச் சோதனைக்கும் பொருந்தும். பட்டறையில் சாணைக்கல்லில் உரசித் தீப்பொறி பார்ப்பதுண்டு. கார்பன் கூடிய எஃகு பூவாகச் சிதறும், வார்ப்பிரும்பு மங்கிய சிவப்பில் குட்டையாக வரும். அரம் போட்டு வழுக்குகிறதா கடிக்கிறதா என்று கடினத்தைப் பார்ப்பார்கள். கிராங்கைத் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று ஒலித்தால் நலம், சப்பையாக ஒலித்தால் எங்கோ கீறல். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவினால், கீறலுக்குள் தங்கிய எண்ணெய் மேலே வந்து கோடு காட்டும். ஆலைகளில் செந்நிறச் சாயம் ஊற்றி விரிசல் தேடும் முறை, ரயில் பட்டறைகளில் புழங்கிய இந்தச் சுண்ணப்பொடி வித்தையின் வாரிசுதான்.

ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் சில வினாடிகளில் கலவையின் விகிதத்தைச் சொல்லிவிடும். பிரினெல், ராக்வெல் கருவிகள் கடினத்தைச் சொல்லும். இழுவைப் பொறி உடையும் விசையைச் சொல்லும். நுண்ணோக்கி உள்ளமைப்பைக் காட்டும். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் தரும். கலவை சரியாக இருந்தும் சூடேற்றிக் குளிர்விக்கும் பதம் தவறினால் பாகம் வீண். கடினம் சரியாக இருந்தும் உள்ளே காற்றுக்குமிழி இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் எஃப்.ஜி.260 என்ற வார்ப்பிரும்பு வகைக்கு, தனியாக வார்த்த சோதனைத் தண்டு 260 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்க வேண்டும். அதே உருகிய இரும்பு கனத்த பிளாக்கில் மெதுவாக ஆறும்போது கிராஃபைட் செதில் பெரிதாகும், வலு குறையும். சான்றிதழில் இருப்பது தண்டின் பலம், வண்டியில் ஓடுவது பிளாக். இரண்டும் ஒன்றல்ல என்பதை வடிவமைப்பாளர் மறக்கக் கூடாது.

காலம் என்னும் சுமை

மேற்சொன்ன சோதனைகள் பெரும்பாலும் நிமிடங்களில் முடிபவை. பாகங்கள் கெடுவதோ மாதங்களில், வருடங்களில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள், தாங்க வேண்டிய சுமைக்கு வெகு கீழேயே உடைந்துகொண்டிருந்தன. பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய அகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து, சிறு சுமையும் பல லட்சம் முறை வந்தால் உலோகம் களைத்து உடையும் என்று நிறுவினார். உடைந்த கிராங்கின் முகத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஒரு மூலையில் தொடங்கி அலையலையாகப் பரவிய வழவழப்பான வளைகோடுகள், அதற்கப்பால் கரடுமுரடாக ஒரே நொடியில் பிய்ந்த பகுதி. வழவழப்பான பகுதி மாதக்கணக்கில் வளர்ந்த விரிசல். கடைசி நாளில் ஓட்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்காகத்தான் எஞ்சினையே நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்கும் சோதனை வந்தது. நிலையான வேகத்தில் ஓடும் டீசல் எஞ்சின்களுக்கான இந்தியத் தரநெறி 10000-இல் இது 16 மணி நேரம் கொண்ட 32 சுற்றுகள், மொத்தம் 512 மணி நேரம். பம்புசெட் எஞ்சினின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால், 512 மணி நேரத்தில் பிஸ்டன் வாங்கும் அடி சுமார் 2.3 கோடி. எஃகின் களைப்பு வரம்பைக் காண வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஒரு கோடியை இது தாண்டிவிடுகிறது. ஆகவே களைப்பைப் பொறுத்தவரை இந்தச் சோதனை நியாயமானது. டிராக்டர்களை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் சோதிக்கிறது. ஓட்டி முடித்தபின் எஞ்சினைப் பிரித்து லைனர், ரிங், பேரிங் எவ்வளவு தேய்ந்தன என்று அளந்து அறிக்கை தருகிறது.

ஆனால் சோதனை மேடையில் கரிசல் புழுதி கிடையாது. புழுதி உழவில் டிராக்டருக்குப் பின்னால் எழும் மண்மேகத்தில் களிமண்ணோடு குவார்ட்ஸ் துகளும் இருக்கிறது. அது லைனர் இரும்பைவிடப் பல மடங்கு கடினம். ஏர் கிளீனர் அடைத்துக்கொண்டோ, ரப்பர்க் குழாயில் வெடிப்பு விட்டோ அந்தத் துகள் உள்ளே போனால், எந்த உயர்ந்த வார்ப்பிரும்பும் தாக்குப்பிடிக்காது. ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், லைனரின் உள்சுவரில் மேலிருந்து கீழாக நகத்தால் வருடிப் பார்ப்பார். முதல் ரிங் திரும்பும் இடத்தில் நகம் ஒரு படியில் தட்டும். எண்ணெய்ப் படலம் மிக மெல்லியதாகும் அந்த இடத்தில்தான் தேய்மானம் அதிகம். நகம் தட்டும் ஆழத்தை வைத்தே 'இஞ்சின் இறங்கிருச்சு' என்று சொல்லிவிடுவார். இங்கே நல்ல உலோகத்தைவிட மலிவான வடிகட்டிக்கே வேலை அதிகம். கிழக்கே தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனால் பகை மாறிவிடும். உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்தெடுத்து, செம்புச் சல்லடையை மிச்சம் வைக்கும். அங்கே பம்புக்குப் பித்தளையைவிட வெள்ளீயம் கலந்த வெண்கலமே உகந்தது. ஒரே மாவட்டம், ஒரே டீசல், இரண்டு வேறு விடை.

ராக்கெட்டுகள் கற்ற பாடம்

கலவைத் தேர்வில் காலம் செய்யும் சூழ்ச்சிக்கு இந்தியாவின் தெளிவான சாட்சி 2013 ஆகஸ்ட் 19. ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி.-டி5 புறப்பட 74 நிமிடமே இருந்தபோது, இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் தொட்டியில் கசிவு தெரிந்து ஏவுதல் நிறுத்தப்பட்டது. அந்தத் தொட்டி அஃப்நார் 7020 என்ற அலுமினியக் கலவையால் ஆனது. துத்தநாகமும் மெக்னீசியமும் கலந்த, நல்ல வலுவுள்ள கலவை. ஆலைச் சோதனைகளில் தேறித்தான் ஏவுதளம் வரை வந்திருந்தது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. உள்ளே தங்கிய இறுக்கமும் சூழலின் அரிப்பும் சேர்ந்தால் நாளடைவில் விரிசல் விடும் இயல்பு அதற்கு உண்டு. தனித்தனியாக எதுவும் அதைக் கெடுக்காது, இரண்டும் கூடினால் காத்திருந்து கெடுக்கும். தொட்டியைச் செம்பு கலந்த 2219 அலுமினியத்துக்கு மாற்றி, 2014 ஜனவரி 5 அன்று அதே டி5 வெற்றிகரமாகப் பறந்தது.

அதற்கு முன் 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி3 தோற்றதற்குத் திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் சிறு டர்போ பம்பு நின்றுபோனது காரணம். நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை போன அது ஓரிரு வினாடியில் அடங்கிவிட்டது. ஆய்வுக் குழு இரண்டு காரணங்களைச் சாத்தியமாகச் சொன்னது: சீல் ஒன்றில் சுழலி பிடித்துக்கொண்டது, அல்லது மிகை அழுத்தத்திலும் வெப்ப இறுக்கத்திலும் டர்பைன் உறை வெடித்தது. முதல் காரணத்தைக் கரிசல்காட்டு மெக்கானிக்கிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். இடைவெளி தப்பினால் 'சீஸ்'. டிராக்டரில் சூடு அந்த இடைவெளியை மூடுகிறது. கிரையோஜெனிக் எஞ்சினிலோ மைனஸ் 253 டிகிரி எரிபொருளும் எரியும் வாயுவும் அருகருகே இருக்கின்றன, உலோகம் ஒருபக்கம் சுருங்க மறுபக்கம் பெருக்கிறது. அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கும். அலுமினியமும் நிக்கல் கலந்த துருவிலா எஃகும் நெகிழ்ச்சி இழக்காததால் அங்கே இடம் பெறுகின்றன.

இத்தகைய பாடங்களுக்குப் பிறகு மகேந்திரகிரியின் சோதனை எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. ககன்யான் பயணத்துக்கான சி.இ.-20 எஞ்சினுக்கு மனிதரை ஏற்றும் தகுதி 2024 பிப்ரவரியில் கிடைத்தது. தேவைப்பட்ட எரிப்பு நேரம் 6,350 வினாடி. நான்கு எஞ்சின்களில் 39 முறை எரித்து, 8,810 வினாடி ஓட்டினார்கள். ஒரு பறத்தலில் அது எரியும் நேரம் நிமிடக்கணக்குதான். பயன்பாட்டைப் பன்மடங்கு மிஞ்சிய சோதனைதான் நம்பிக்கைக்கு அடிப்படை.

புதிய பொருள், பழைய கேள்வி

பி.எஸ்.எல்.வி. நான்காம் கட்டத்தின் எஞ்சின் முனைக்குழல் நியோபியம் கலவையால் ஆனது. அதற்குப் பதிலாகக் கார்பன்-கார்பன் குழலைச் செய்து 2024 மார்ச் 19 அன்று 60 வினாடியும், ஏப்ரல் 2 அன்று 200 வினாடியும் மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்தார்கள். குழலின் எடை சுமார் 67 சதவீதம் குறையும், 15 கிலோ வரை கூடுதல் சுமை ஏற்றலாம். நியோபியம், கார்பன் இரண்டுமே சூட்டில் ஆக்ஸிஜனுக்கு இரையாகுபவை. அதனால் இரண்டுக்கும் காப்புப் பூச்சு தேவை. பொருள் மாறியது, கெடும் வழி மாறவில்லை.

அதே ஆண்டு மே 9 அன்று, அந்தக் கட்டத்தின் எஞ்சினை லேசர் கொண்டு உலோகப் பொடியிலிருந்து அடுக்கடுக்காக அச்சிட்டு 665 வினாடி ஓட்டினார்கள். 14 பாகங்கள் ஒன்றாயின, 19 பற்றவைப்புகள் இல்லாமல் போயின, 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமாயிற்று. பற்றவைப்பு போனால் விரிசல் தொடங்கும் இடங்கள் போயின என்பது பெரிய ஆதாயம். ஆனால் பொடிக்கும் தனி ஆபத்து உண்டு. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் விமான எஞ்சின்களில், 2015 இறுதி முதல் 2021 வரை செய்த உலோகப் பொடியில் நுண்ணிய மாசு கலந்திருந்தது 2023 ஜூலையில் வெளியாயிற்று. டர்பைன் தட்டுகளில் முன்கூட்டியே விரிசல் வரக்கூடும் என்று உலகெங்கும் விமானங்கள் தரையிறக்கப்பட்டன. நம் இண்டிகோ விமானங்களும் வரிசையாக நிறுத்தப்பட்டன. கலவை விகிதம் பார்த்தால் குற்றமில்லை, பலம் பார்த்தாலும் குற்றமில்லை. குற்றம் தூசியளவில் இருந்தது.

மறுபுறம், சூட்டிலேயே மெல்ல நீளும் குணத்தை எதிர்க்க, டர்பைன் இதழை ஒரே படிகமாக வார்க்கும் நிக்கல் கலவை நுட்பம் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 2021 ஏப்ரலில் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக அத்தகைய 60 இதழ்களை எச்.ஏ.எல். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டிராக்டர்களும் இந்த ஓட்டத்துக்கு வெளியே இல்லை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரியில் கடுமையான புகை விதிகள் வந்தன. புகையைக் குறைக்க எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும்போது, பழைய கலவைக்குப் பழகிய மாற்றுப் பாகங்கள் அங்கே செல்லாது.

தீர்ப்பு

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். உயர்ந்த உலோகம் என்று தனியாக ஒன்று இல்லை, இடத்துக்கு உகந்த உலோகம்தான் உண்டு. சான்றிதழ் ஒரு தண்டின் ஒரு நாளைச் சொல்கிறது, பாகத்தின் பல வருடங்களைச் சொல்லாது. புழுதி, உப்பு, இறுக்கம் என்று உண்மையான பகையைச் சேர்க்காத சோதனை பாதிச் சோதனை.

இந்த மூன்றையும் இஸ்ரோவும் பெரிய ஆலைகளும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டுவிட்டன. மாற்றுப் பாகங்களை வாங்கும் மானாவாரி விவசாயிக்கும், வாங்கித் தரும் மெக்கானிக்குக்கும் இன்னும் காந்தமும் நகமும்தான் துணை. இந்த இடைவெளியைக் குறைக்கப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. இயந்திரப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளில் இழுவைப் பொறியும் கடினமானியும் நுண்ணோக்கியும் மாணவர் பாடத்துக்காகவே இருக்கின்றன. கோவில்பட்டி வட்டாரக் கல்லூரிகள் ஆடி, ஆவணி மாதங்களில் குறைந்த கட்டணத்தில் லைனர், வால்வு, கிராங்கைச் சோதித்துத் தரலாம். கடைக்காரர்கள் பாகத்தோடு தொகுதி எண்ணையும் சோதனைத் தாளையும் தரலாம். விவசாயிகள் ரசீதோடு அதையும் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: புழுதி உழவுக்கு முன் ஏர் கிளீனரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.